நான்தான் செய்தேன் என்ற உணர்வும் நம் கைக்கருவிகளும்

மேசைமேல் ஒரு பொத்தான். எப்போது தோன்றுகிறதோ அப்போது அழுத்தலாம். அழுத்திய கால் விநாடியில் ஒரு ஒலி கேட்கும். எதிரே ஒரு கடிகார முள் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். எப்போது அழுத்தினோம், எப்போது ஒலி கேட்டது என்று அந்த முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பேட்ரிக் ஹேகார்டும் அவருடைய சகாக்களும் 2002-இல் வெளியிட்ட சோதனை இவ்வளவுதான்.

அதில் வந்த விடைதான் வியப்பானது. தாமாக அழுத்தியவர்களுக்கு, அழுத்திய நேரம் உண்மையைவிடச் சற்றுத் தாமதமாகவும், ஒலி சற்று முன்னதாகவும் தோன்றின. செயலும் விளைவும் மனத்துக்குள் ஒன்றையொன்று நெருங்கி வந்திருந்தன. அப்புறம் மூளைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பைக் கொடுத்து, விரலைத் தானாகத் துடிக்க வைத்தார்கள். அதே விரல், அதே ஒலி, அதே இடைவெளி. இந்த முறை துடிப்பும் ஒலியும் விலகிப்போனதாகத் தோன்றின. ‘இதை நான்தான் செய்தேன்’ என்ற உணர்வு அதுபாட்டுக்கு இருக்கிற ஒன்று இல்லை. நினைத்தது, செய்தது, நடந்தது ஆகிய மூன்றையும் கோத்துப் பார்த்து மூளை ஒவ்வொரு முறையும் அதைக் கட்டி எழுப்புகிறது.

தொழில்நுட்பம் நம்மை என்ன செய்கிறது என்ற பேச்சில் இரண்டு விஷயங்கள் எப்போதும் குழம்பிப்போகின்றன. நான்தான் செய்கிறேன் என்ற உணர்வு ஒன்று. முடிவு உண்மையிலேயே நம் கையில் இருப்பது இன்னொன்று. அன்றாட வாழ்க்கையில் இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிறோம். கருவிகள் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட வல்லவை. உணர்வு போய்விட்டால் நமக்கே தெரிந்துவிடும், எரிச்சல் வரும், சண்டை போடுவோம். உணர்வு முழுசாக இருக்கும்போதே முடிவு மட்டும் கைமாறிப் போனால்தான் தெரியவே தெரியாது. இன்று நாம் கவலைப்பட வேண்டியது இந்த இரண்டாவதைப் பற்றித்தான் என்பது என் எண்ணம்.

கருவி என்றாலே நம்மைக் குறைப்பது என்று நினைக்கவேண்டியதில்லை. 1996-இல் ஜப்பானில் அட்சுஷி இரிக்கியின் குழு, எட்டாத தீனியைச் சிறு வாரி ஒன்றால் இழுத்துக்கொள்ளக் குரங்குகளைப் பழக்கியது. கைக்குப் பக்கத்தில் இருப்பதைக் கவனிக்கும் நரம்பணுக்கள் சில, பழகிய பிறகு வாரியின் நுனிவரை உள்ள இடத்தையும் தம் எல்லையாக எடுத்துக்கொண்டன. வாரியைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தபோது அந்த விரிவு இல்லை. பயன்படுத்தும்போதுதான் கருவி உடம்பில் சேர்கிறது. 1998-இல் மாத்யூ பாட்வினிக், ஜோனாதன் கோஹன் இருவரும் காட்டிய ரப்பர் கை மாயமும் இதே வகைதான். ஒருவரின் கையைத் திரைக்குப் பின்னால் மறைத்துவிட்டு, கண்ணெதிரே ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினால், கொஞ்ச நேரத்தில் ரப்பர் கையே தன் கை என்று தோன்றத் தொடங்கிவிடும். ‘நான்’ என்பதன் எல்லை தோலோடு முடிந்துவிடுவதில்லை. பார்வையற்றவரின் கைத்தடி நுனியும் காது கேளாதவருக்குப் பொருத்திய செவிக்கருவியும் பல நாள் பழக்கத்தில் அவர்களின் உடம்பாகவே ஆகிவிடுகின்றன. இது இழப்பு இல்லை, பெரும் பேறு.

அதே 1998-இல் தத்துவவாதிகள் ஆண்டி கிளார்க்கும் டேவிட் சால்மர்ஸும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மறதி நோய் உள்ள ஆட்டோ என்ற ஒரு கற்பனை மனிதர் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது புரட்டிப் பார்க்கிறார். மற்றவர்களுக்கு நினைவு செய்கிற வேலையை அவருக்கு அந்தக் குறிப்பேடு செய்கிறது. அப்படியானால் அது அவர் மனத்தின் ஒரு பகுதிதானே என்று கேட்டார்கள். கைபேசி வந்தபின் பலரும் இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு, கைபேசியும் நம் மனத்தின் நீட்சிதான் என்றார்கள். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. ஆட்டோவின் குறிப்பேட்டில் எழுதியவர் ஆட்டோ மட்டும்தான். எந்தப் பக்கத்தைப் புரட்டவேண்டும் என்று அது அவரை அழைக்கவில்லை. அவர் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அடுத்த நாள் பக்கங்களின் வரிசையை யாரும் மாற்றி அடுக்கவும் இல்லை.

ஆனால் எல்லாப் புகாரையும் அப்படியே நம்பிவிடவும் கூடாது. எழுத்து வந்தால் நினைவாற்றல் கெடும் என்ற கவலையை பிளேட்டோவின் உரையாடல் ஒன்றிலேயே பார்க்கலாம். இணையத் தேடல் நினைவாற்றலைப் பாதிக்கிறது என்ற 2011 ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆய்விலிருந்து ஒரு சோதனையை, 2018-இல் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. வழிகாட்டிச் செயலிகளைப் பற்றிய சான்று கொஞ்சம் வலுவாக இருக்கிறது. லண்டனின் சோஹோ பகுதித் தெருக்களில் நடக்கும் காட்சிகளை 24 பேருக்குக் காட்டி, வழி கண்டுபிடிக்கச் சொல்லி அவர்கள் மூளையை ஆராய்ந்தார்கள். 2017-இல் வெளியான ஆய்வு அது. தாங்களே வழி தேடியபோது, புதிய தெருவுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் நினைவோடும் திட்டமிடுதலோடும் தொடர்புடைய பகுதிகள் விழித்துக்கொண்டன. இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று சொல்லக் கேட்டு நடந்தபோது அந்த எழுச்சி இல்லை. இதைக் கேட்டுப் பதறத் தேவையில்லை. போய்ச்சேர வேண்டிய இடத்தை நாம்தான் சொல்கிறோம், செயலி வழியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. என்ன கொடுத்தோம், என்ன வாங்கினோம் என்பது தெளிவாகத் தெரிகிற பேரம் இது.

முடிவின் சுமை மனிதர்மேல், செயல் எந்திரத்திடம் என்று ஆகும்போதுதான் சிக்கல். 1983-இல் லிசான் பெயின்பிரிட்ஜ் தானியக்கத்தின் முரண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எளிய வேலைகளையெல்லாம் எந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, எந்திரத்தால் முடியாத நெருக்கடியை மட்டும் மனிதருக்கு விட்டுவைக்கிறோம், ஆனால் அதைச் சமாளிக்கத் தேவையான பழக்கத்தையும் கூடவே பறித்துவிடுகிறோம் என்றார். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் கதை இதுதான். வேகம் காட்டும் குழாய்களில் பனி உறைந்தது, தானியங்கி விமானி விலகிக்கொண்டது, கட்டுப்பாடு திடீரென்று மனிதர் கைக்கு வந்தது. மூக்கைத் தாழ்த்த வேண்டிய நேரத்தில் உயர்த்தியே பிடித்தார்கள். நாலரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. 228 பேர் இறந்தார்கள். அந்த அறையில் இருந்தவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. பல மணி நேரம் பார்வையாளராக உட்கார வைத்துவிட்டு, ஒரு கணத்தில் ‘இனி நீதான்’ என்று சொன்னால் எவருடைய மனமும் தடுமாறத்தான் செய்யும்.

ஆணைக்குக் கீழ்ப்படிவதும் இதே உணர்வைத் தொடுகிறது. 2016-இல் எமிலி காஸ்பர், ஹேகார்ட் உள்ளிட்டோர் பொத்தான் சோதனையை வேறு வடிவில் நடத்தினார்கள். பங்கேற்றவர்கள் ஒருவருக்கொருவர் லேசான மின்னதிர்ச்சி கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். சிலமுறை அவர்களே முடிவெடுத்தார்கள், சிலமுறை ஆய்வாளர் ஆணையிட்டார். ஆணைப்படி செய்தபோது செயலுக்கும் விளைவுக்கும் நடுவில் இடைவெளி கூடியதாகத் தோன்றியது. ‘சொன்னதைத்தான் செய்தேன்’ என்பது வெறும் சாக்கு மட்டும் இல்லை, உள்ளுக்குள்ளேயே அந்தச் செயல் கொஞ்சம் அந்நியமாகிவிடுகிறது. வேலையில் அடுத்தது என்ன, எவ்வளவு நேரத்தில் என்பதையெல்லாம் செயலியே சொல்ல, அதன்படி நாள் முழுக்க ஓடுகிறவர்களின் களைப்பில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதுவரை சொன்னதில் எல்லாம் ஏதோ ஒரு இடத்தில் நமக்கு உறைக்கிறது. உறைக்காத இடத்துக்கு இப்போது வருவோம்.

முன்பெல்லாம் இணையப் பக்கத்தின் அடியில் ‘அடுத்து’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசிப்போம். போதும் என்று எழுந்துபோக அந்தக் கணம் போதுமானதாக இருந்தது. 2006-இல் ஏசா ராஸ்கின் முடிவில்லாமல் உருளும் பக்கத்தை வடிவமைத்தார், பிறகு அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். அந்தப் பொத்தானோடு அந்தக் கணமும் போய்விட்டது. யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டைவிரல் நம்முடையது, மேலே தள்ளுவது நாம்தான், தள்ளிய உடனே படம் வருகிறது. நினைத்தது, செய்தது, நடந்தது என்ற கோப்பு கச்சிதமாக இருக்கிறது. ஒவ்வொரு தள்ளுதலும் ‘நான் செய்தது’ என்றே பதிவாகிறது. நிறுத்தலாமா என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை.

சரி, பார்ப்பதையாவது நாம்தானே தேர்ந்தெடுக்கிறோம்? 2006-இல் மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 14,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு செயற்கை இசைச் சந்தையை நடத்திப் பார்த்தார்கள். அறியப்படாத குழுக்களின் 48 பாடல்கள். ஒரு தொகுதியினருக்குப் பாடல்களை மட்டும் காட்டினார்கள். மற்றவர்களைத் தனித்தனி ‘உலகங்களாக’ப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எது எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்ற எண்ணையும் சேர்த்துக் காட்டினார்கள். எண்ணைப் பார்த்தவர்களிடையே பெரிய பாடல் இன்னும் பெரிதானது. ஆனால் எது பெரிதாகும் என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. மிக நல்ல பாடல்கள் அடியோடு தோற்கவில்லை, மிக மோசமானவை தலைமேல் ஏறவும் இல்லை, நடுவில் உள்ளவை எங்கு வேண்டுமானாலும் போய் நின்றன. ஒவ்வொரு உலகத்திலும் கேட்டவர்களுக்கு அது தங்கள் சொந்த ரசனைதான்.

ரசனை எப்படி நம்முடையதாகிறது என்பதற்கு இன்னும் கூர்மையான ஒரு சோதனை உண்டு. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் ஆகியோர் 2005-இல் வெளியிட்டது. இரண்டு முகங்களின் படத்தைக் காட்டி, எது அழகாக இருக்கிறது என்று கேட்டார்கள். ஒருவர் கையைக் காட்டியதும் படத்தை அவரிடமே கொடுத்து, ஏன் இதைத் தேர்ந்தீர்கள் என்று விசாரித்தார்கள். சிலமுறை கைவித்தையால் மற்ற படத்தைக் கொடுத்துவிட்டார்கள். பெரும்பாலான முறை மாற்றத்தை யாரும் கவனிக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. தாம் தேர்ந்தெடுக்காத அந்த முகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தேர்ந்ததற்குக் காரணம் சொன்னார்கள். தாம் உண்மையில் தேர்ந்த முகத்தில் இல்லாத, கையில் இருந்த படத்தில் மட்டுமே இருந்த அம்சங்களைக்கூடக் காரணமாகச் சொன்னவர்கள் உண்டு.

இதைப் படித்தபின் பரிந்துரைப் பட்டியல்களை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. காரணம் முதலில், தேர்வு பிறகு என்றுதான் நம்மைப் பற்றி நாம் நினைக்கிறோம். பல நேரம் தேர்வு நடந்துவிடுகிறது, அது யாருடையதாக இருந்தாலும், பின்னாலேயே மனம் ஒரு காரணத்தைத் தைத்துக்கொடுத்து ‘நான் இப்படிப்பட்டவன்’ என்ற கதையில் சேர்த்துவிடுகிறது. வரிசையாக வந்து விழுந்த பத்துக் காணொளிகளைப் பார்த்தவர், தனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் அதிகம் என்று சொல்லத் தொடங்குவார். அந்த ஆர்வம் பொய்யும் இல்லை. அடுத்த மாதம் அது உண்மையாகவே அவருடையதாகிவிடும். சிக்கலே அதுதான். திருடப்பட்ட பொருளைத் திரும்பக் கேட்கலாம். உள்ளே வந்து வளர்ந்துவிட்டதை எங்கே போய்க் கேட்பது?

நம்மைப் பற்றி வெளியிலிருந்து வரும் எண்களும் இப்படித்தான் உள்ளே போகின்றன. நாளைக்கு 10,000 அடி நடக்கவேண்டும் என்ற இலக்கு 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. மருத்துவ ஆய்வு வகுத்த அளவு இல்லை. ஆனால் 9,400-இல் நின்ற நாளில் பலருக்கு ஏதோ குறைந்ததுபோல் இருக்கிறது. 2007-இல் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் செய்த ஆய்வில், மெய்நிகர் உலகத்தில் உயரமான உருவம் கொடுக்கப்பட்டவர்கள் பணத்தைப் பங்கிடும் விளையாட்டில் தமக்குச் சாதகமாகப் பேரம் பேசினார்கள். குள்ளமான உருவம் பெற்றவர்கள் நியாயமற்ற பங்கையும் ஒப்புக்கொண்டு போனார்கள். உருவத்தை அவர்கள் கேட்டு வாங்கவில்லை, எந்திரம் தந்தது.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது, எழுத்துக்குள் எந்திரம் நுழைந்திருப்பது. பார்ப்பதும் கேட்பதும் ஒருபுறம் இருக்கட்டும், சொல்வது என்பது நினைப்பதற்கு மிக அருகில் இருக்கிற செயல். பாதி நினைப்பு சொல்லும்போதுதான் உருவாகிறது.

ஒரு நண்பரிடமிருந்து செய்தி வருகிறது: ‘அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம்.’ அதன் கீழே மூன்று பதில்கள் தயாராக நிற்கின்றன. ‘வருந்துகிறேன்.’ ‘எல்லாம் சரியாகிவிடும்.’ ‘ஏதாவது உதவி வேண்டுமா?’ மூன்றிலும் தப்பே இல்லை. மூன்றையும் நாமே எழுதியிருக்கவும் கூடும். ஆனால் அவை அங்கே இல்லாவிட்டால், விரல் விசைப்பலகைமேல் சற்று நின்றிருக்கும். அவருடைய அப்பாவின் முகம் நினைவுக்கு வந்திருக்கும். எப்போதோ அவர் வீட்டில் சாப்பிட்டது, அவர் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என ஏதோ ஒன்று வந்திருக்கும். ‘இப்பவே கிளம்பி வரட்டுமா?’ என்று எழுதியிருப்போமோ என்னவோ. ஒரு தட்டில் பதில் போய்விடுகிறது, அனுப்பியது நாம்தான், நண்பருக்கும் ஆறுதல்தான். நடுவில் வந்திருக்க வேண்டிய அந்த நினைவு மட்டும் வரவில்லை.

கூகுள் தன் மின்னஞ்சல் செயலி ஒன்றில் இத்தகைய தயார்ப் பதில்களை 2015-இல் கொண்டுவந்தது. சோதனைக் கட்டத்தில் அந்த அமைப்பு எதற்கெடுத்தாலும் ‘உன்னை நேசிக்கிறேன்’ என்ற பதிலைப் பரிந்துரைத்ததாக அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே எழுதினார்கள். மக்கள் அடிக்கடி எழுதுவதிலிருந்து கற்ற எந்திரம், எங்கும் பொருந்தக்கூடியதைத்தான் முன்னால் நீட்டும். இந்த நபருக்கு, இந்த நேரத்தில், என்பது அதற்குத் தெரியாது.

2023-இல் மாரிஸ் ஜாகெஷ், மோர் நாமன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். 1,506 பேரிடம், சமூக ஊடகம் சமூகத்துக்கு நல்லதா என்பது பற்றி ஒரு பதிவு எழுதச் சொன்னார்கள். சிலருக்கு எழுத்துத் துணையாக ஒரு மொழி மாதிரி, அதாவது எழுதும்போதே அடுத்த சொற்களை எடுத்துக்கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு, கொடுக்கப்பட்டது. அது ஒரு பக்கம் சாய்ந்த வாக்கியங்களைப் பரிந்துரைக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. பதிவுகள் அந்தப் பக்கம் சாய்ந்தன என்பதில் வியப்பில்லை. எழுதி முடித்தபின் தனியாக அவர்கள் கருத்தைக் கேட்டபோது, கருத்தும் அதே பக்கம் நகர்ந்திருந்தது. பெரும்பாலோர் அந்தச் சாய்வைக் கவனிக்கவே இல்லை. முகப்பட சோதனையில் கைவித்தைக்காரர் எதிரே ஒருவராவது இருந்தார். இங்கே நம் வாக்கியத்தின் பாதியிலேயே அவர் உட்கார்ந்திருக்கிறார்.

எழுத்துத் துணையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எழுத வராதவருக்கு, வேற்று மொழியில் மனு எழுதவேண்டியவருக்கு, கையசைக்க முடியாதவருக்கு அது வாரியை நீட்டிய குரங்கின் கைபோல உலகத்தை எட்டச்செய்கிறது. அவர்களிடம் சொல்லவேண்டியது முன்பே இருக்கிறது, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் கருவி தேவைப்படுகிறது. சொல்ல என்ன இருக்கிறது என்று பார்க்கும் முன்பே வாக்கியம் வந்து நிற்பது வேறு. இரண்டும் ஒரே செயலிதான், ஒரே பொத்தான்தான். எது முதலில் வந்தது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

அதனால்தான் ‘மன உறுதியோடு இருங்கள், கைபேசியைத் தள்ளி வையுங்கள்’ என்ற அறிவுரை எனக்குப் போதவில்லை. முதலில் வந்து நிற்பது எது என்பதை வடிவமைப்பவர் தீர்மானிக்கிறார். அதன் பலம் எவ்வளவு என்பது உடல் உறுப்புக் கொடையில் நன்றாகத் தெரிந்தது. எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் 2003-இல் காட்டிய கணக்குப்படி, விரும்பினால் சேரலாம் என்ற ஜெர்மனியில் ஒப்புதல் 12 விழுக்காடு. வேண்டாமென்றால் விலகலாம் என்ற அண்டை நாடான ஆஸ்திரியாவில் 99.98 விழுக்காடு. மனத்தளவில் இரு நாட்டு மக்களுக்கும் அவ்வளவு தூரம் இருக்க முடியாது. எதுவும் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதுதான் மாறியது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் கைபேசிகளில், மற்ற செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர முதலில் அவரிடம் அனுமதி கேட்டாகவேண்டும் என்று விதித்தது. அதனால் அடுத்த ஆண்டில் சுமார் 1,000 கோடி டாலர் வருவாய் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம் மெட்டா தன் முதலீட்டாளர்களிடம் சொன்னது. யாரும் போராடவில்லை, யாரும் மன உறுதியைக் கூட்டிக்கொள்ளவில்லை. கேள்வி கேட்கப்பட்டது, அவ்வளவுதான்.

சட்டமும் இந்த இடத்துக்கு மெல்ல வந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதி 2018-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஒருவர் வாழ்வைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை எந்திரம் மட்டுமே எடுக்கக் கூடாது என்று பொதுவாக வரையறுத்தது. அது முடிவைப் பற்றியது. பிறகு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம், முடிவுக்கு முந்தைய இடத்தைத் தொட்டது. மிகப் பெரிய தளங்கள், பயனரின் நடத்தையை அலசாமல் பதிவுகளை அடுக்கும் ஒரு வரிசையையும் தெரிவாகக் கொடுத்தாகவேண்டும் என்றது. தெரிவு வந்தது. எங்கே வைக்கப்பட்டது என்பதில்தான் அடுத்த சண்டை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகளில் ஒருவர் அந்தத் தெரிவை எடுத்தாலும், செயலியை மூடித் திறந்தால் பழைய வரிசையே திரும்ப வந்துவிடுகிறது என்று நெதர்லாந்தின் டிஜிட்டல் உரிமை அமைப்பான ‘பிட்ஸ் ஆஃப் ஃப்ரீடம்’ வழக்குப் போட்டது. 2025 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் அந்த அமைப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தெரிவு எளிதில் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், ஒருவர் ஒருமுறை எடுத்த தெரிவை அவரே மாற்றும்வரை செயலி அப்படியே வைத்திருக்க வேண்டும் என்றது.